மாமனாரும் மாப்பிள்ளையும் போட்ட சண்டை

மானகிரி சேவுகப்பெருமாளு ஊருக்குத் தேங்கா யாவாரி. வீட்டுக்குள்ள வந்துட்டாருன்னா கராத்தே வீரரு. சேரை விட்டு எந்திரிக்காமயே இருவது பேரை அடிச்சுச் சாய்ச்சுருவாரு. எல்லாம் டிவிப் பொட்டிக்குள்ளதேன்.

மக சித்ரா சின்னப்புள்ளையா இருக்கையில வாங்கிக் குடுத்த வீடியோ கேம் அது. மக படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமும் முடிச்சுச் சென்னைக்குப் போயிட்டா. அப்பன் மட்டும் இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுகுறாரு. அந்தச் சாமானைச் செய்யிறவுகளே அதை மறந்து போயிருப்பாக. புது டிவியில ஓடாதுன்னு, முதுகு புடைச்ச பழைய டிவியை நடுவீட்டுல சாமி கணக்கா வச்சிருக்காரு. காரைக்குடிப் பழஞ்சாமான் கடையில வெளிநாட்டுக்காரவுக தேக்குத்தூணுக்கு வெல பேசிக்கிட்டு நிப்பாக. இவரு ஊடால புகுந்து, "சண்டைக் கேசட்டு எதும் வந்துச்சா?"ம்பாரு. கடைக்காரரு இவரைக் கண்டாலே போனைக் காதுல வச்சுக்கிருவாரு.

இப்பப் பேத்தி பொறந்துருக்கு. அது மூக்கு அப்படியே தன் மூக்குன்னு வாரவுக போறவுக எல்லாருகிட்டயும் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிக் காமிச்சாரு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை மருது வந்து நின்னப்பத்தேன் அந்த மூக்கு தொங்கிப்போச்சு.

"மூணு மாசம் ஆச்சுல்ல மாமா. எங்கம்மா பிள்ளையைக் கொண்டாங்குறாக."

"அஞ்சு மாசம் கழியட்டும் மாப்ளே. இப்பத்தேன் என்னயப் பாத்துச் சிரிக்குது."

"அது காத்தாடியைப் பாத்தும்தான் சிரிக்குது மாமா."

சேவுகப்பெருமாளு கேசட்டை எடுத்து உஃப்புன்னு ஊதிச் சொருகுனாரு.

"வாங்க, ஆடிப் பாத்துருவோம். நான் ஜெயிச்சா அஞ்சு மாசம். நீங்க ஜெயிச்சா நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

பொண்டாட்டி பொன்னுத்தாயி காப்பி குடுக்குற சாக்குல அவரு காதுகிட்டக் குனிஞ்சா.

"வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அடிச்சுக்கிடிச்சு வச்சிராதீக. சம்பந்தக்காரவுக காதுக்குப் போனா நல்லாவா இருக்கும்?"

ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. மாமனாரு ஆளு செவப்புச் சட்டை, மாப்பிள்ளை ஆளு கறுப்புச் சட்டை.

"அடிங்க மாப்ளே."

"நீங்க பெரியவுக, மொத அடி உங்களுது மாமா."

"அட, கூச்சப்படாம அடிங்க."

"உங்க மேல எப்படி மாமா கை வைக்கிறது?"

உலகத்துலயே ரொம்ப மருவாதையான சண்டை அதுதேன். ரெண்டு வீரரும் எதுக்க எதுக்க நின்னு மூச்சு மட்டும் விட்டாக. மணி ஓடி முடிஞ்சிருச்சு, யாரும் ஜெயிக்கலை. அடுத்த ஆட்டமும் அதே கதை. அதுக்கடுத்து, கறுப்புச் சட்டை கை தவறி ஒரு ஒத விட்டுருச்சு. "மன்னிச்சுக்கங்க மாமா!"ன்னு மருது எந்திரிச்சே நின்னுட்டாரு.

பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு சித்ரா வந்தா.

"என்ன, ரெண்டு பேரும் விடிய விடியக் கும்பிட்டுக்கிட்டே இருப்பீகளா?"

பிள்ளையை ஆத்தா கையில குடுத்தா. அப்பன் கையில இருந்த கேம் ரிமோட்டைப் பிடுங்குனா. அவளுக்கு என்ன மாமனாரா, மாப்பிள்ளையா, மருவாதை பாக்குறதுக்கு? எத்து ரெண்டு, தலைகீழாப் பாஞ்சு ஒண்ணு. கறுப்புச் சட்டை மல்லாந்துருச்சு.

"அஞ்சு மாசம்"னா புருசனைப் பாத்து. "அத்தைக்கு நானே போன் பண்றேன். பேத்தியைப் பாக்கணும்னா இங்குட்டு வரட்டும்."

மருது விழுந்து கெடந்த தன் ஆளையே வெறிச்சுப் பாத்தாரு. "மாமா, அந்தத் தலைகீழ் அடிக்கு எந்தப் பட்டன்?"

இத்தனை வருசம் ஆடுன சேவுகப்பெருமாளுக்கு அப்படி ஒரு அடி இருக்குறதே இப்பத்தேன் தெரியும்.

"அதெல்லாம் எங்க குடும்ப ரகசியம் மாப்ளே"ன்னுட்டு, பேத்தியை வாங்கி மடியில போட்டுக்கிட்டாரு.