ஜீயபுரம் படகும் விட்டு விட்டுக் கத்திய பஸ்ஸரும்

காவிரியில் தண்ணீர் வந்தால் வந்து பாருங்கள் என்று தங்கை மாலதி இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆடியில் கூப்பிட்டபோது குரலில் பழைய உற்சாகம் இல்லை. "ஆத்து மணல் திட்டுல வாழைக் குத்தகைய விட்டுடலாம்னு இவர் சொல்றார். அதுக்குள்ள ஒரு தடவ வந்துட்டுப் போங்கண்ணே." அந்த வாரமே சென்னையிலிருந்து பகல் ரயிலில் கிளம்பிவிட்டேன். திருச்சி ஜங்ஷனில் இறங்கி, கரூர் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஜீயபுரம்.

முக்கொம்பு அணைக்கு மேலே ஆறு அகன்று, குளம் போல நிற்கிறது. நடுவே ஒரு மணல் திட்டு. அதில்தான் இவர்களுடைய வாழை. போய்வர, நாகப்பட்டினத்தில் பழைய டீசல் படகு ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். மாலதியின் கணவர் செந்திலுக்கு இப்போது டவுனில் வேலை. இனி தோட்டத்துக்குத் தினமும் போக வேண்டியவள் மாலதி. ஆனால் நடு ஆற்றில் நின்றுவிடுமோ என்று படகைத் தனியாக எடுக்க அவளுக்குப் பயம். காரணம் ஒரு பஸ்ஸர். பேட்டரி சார்ஜ் ஆகாதபோது கத்த வேண்டியது, நினைத்தால் கத்தும், நினைத்தால் நிறுத்தும். பெல்ட்டை இறுக்கி, பேட்டரியை மாற்றி, அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் மாற்றிவிட்டார்கள். கத்தல் மட்டும் போகவில்லை.

மறுநாள் காலை மூவரும் திட்டுக்குக் கிளம்பினோம். எனக்குப் பின்பக்கப் பலகை, விருந்தாளிக்கான இடம். உட்கார்ந்ததுமே பஸ்ஸர் ஆரம்பித்தது.

"மச்சான், உங்களை வரவேற்குது," என்றார் செந்தில்.

வாழைக்குள் நடந்து, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் அதே கத்தல். பாதி ஆற்றில் படகு திணறியது. புரொப்பல்லரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்காமல் அதில் கை வைக்க முடியாது. செந்தில் அணைத்தார். மாலதி குனிந்து அரிவாளால் கொடியை அறுத்து எறிந்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும். இன்னொரு 'டக்'. பிறகு அதுவும் இல்லை.

நீர் அசையாதது போலத்தான் தெரிந்தது. ஆனால் கரை மரங்கள் மெல்ல நகர்ந்தன. படகு அணைப் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. செந்தில் மூங்கிலை ஊன்றினார், நான் பலகைத் துண்டால் தள்ளினேன். கரை சேர்ந்ததும் மாலதி திரும்பி ஆற்றைப் பார்த்தாள். "நான் தனியா வந்திருந்தா?" என்றாள். செந்தில் பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார்.

பேட்டரியைக் கடையில் சார்ஜ் போட்டு, அடுத்த நாள் படகைக் கரையில் கட்டியபடியே ஓடவிட்டோம். செந்தில் பேட்டரியில் மீட்டரைப் பிடித்தார். பதினான்கு வோல்ட், அதாவது நன்றாக சார்ஜ் ஆகிறது, சத்தம் இல்லை. கால் வலிக்கிறதே என்று நான் போய்ப் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தேன். பஸ்ஸர் அலறியது. மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது.

மாலதி என்னையே பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். நின்றது.

"உக்காருங்க."

கத்தியது.

மூன்றாவது முறை அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "வாழைத்தார் ஏத்துன அன்னிக்குத்தாங்க கத்தும்! அதையும் இந்தப் பலகை மேலதானே அடுக்குவோம்!"

இன்ஜினை நிறுத்திப் பலகையைக் கழற்றினோம். ஆல்டர்னேட்டரை வேலை செய்ய வைக்கும் மெல்லிய ஒயர் அதற்கு அடியில் ஓடியது. பாரம் ஏறினால் பலகை வளைந்து அதை நசுக்கும். மேல் உறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்து அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. செந்தில் புது ஒயரைப் படகின் ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினார். மூவரும் சேர்ந்து பலகையில் உட்கார்ந்தோம். சத்தமே இல்லை.

டீசல் படகு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாகங்களை மாற்றுவதற்கு முன், எப்போது கத்துகிறது, அப்போது படகில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். ஒயரை அசைத்துப் பார்ப்பதானால் இன்ஜினை அணைத்துவிட்டு. ஆற்று நடுவில் இந்த சார்ஜ் பஸ்ஸர் கத்தினால் மட்டும் அணைக்காதீர்கள். டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டே கரை சேர்த்துவிடும், அணைத்தால் திரும்பக் கிளம்பாமல் போகலாம். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். நாங்கள் போடவில்லை, அன்று மாலையே வாங்கிவிட்டோம்.

கடைசி நாள் நான் மட்டும் ஸ்ரீரங்கம் போனேன். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி இருக்கிறது. மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தரிசனம் முடித்து உத்தர வீதியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாலதியிடமிருந்து போன். இன்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"எங்க இருக்கே? அவர் பக்கத்துல இருக்காரா?"

"அவர் வேலைக்குப் போயிட்டாரு. நான் நடு ஆத்துல இருக்கேண்ணே. பத்துத் தார் ஏத்தியிருக்கேன். கேளுங்க, நல்லாக் கேளுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.