பத்தாயத் தீவு

போன வாரம், நாங்கள் இப்போது குடியிருக்கும் கழக்கூட்டத்தில், எங்கள் ஃபிளாட்டின் கதவை வெளியிலிருந்து இருபது நிமிடம் தட்டிக்கொண்டு நின்றேன். சாவியை அலுவலக மேசையில் மறந்து வைத்துவிட்டேன். உள்ளே பத்து வயது மகள் தனியாக இருந்தாள். மணியை அடித்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவளிடம் கொடுத்துவைத்திருக்கும் போனில் அழைத்தேன். பதில் இல்லை. கடைசியில் காவலாளி ஓர் ஆசாரியைக் கூட்டி வந்து பூட்டைக் கழற்ற வைத்தார்.

மகள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த பாய்மரக் கப்பல் ஒன்று. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய தோழிகள் மூன்று பேர், அவரவர் வீட்டில் அவரவர் கப்பலோடு. ஒருத்தி துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கவர்னராம்.

"ஒரு மினிட்மா, இப்ப கரைக்கு வந்துடும்" என்றாள் மகள்.

நான் திட்டவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாளே இன்னொரு சாவி செய்து வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்கிறார் என் கணவர். தட்டியும் உள்ளிருந்து பதில் வராத இன்னொரு நாள் எனக்கு உண்டு என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வலியசாலையில் கோயில் தெருவில் இருந்தோம். குவைத்தில் போர் தொடங்கிய வருடம் அது. செப்டம்பர் முதல் வாரத்தில் அத்தை தன் மகளோடு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பெட்டி, ஒரு தலையணை உறை. உறைக்குள் அழுக்குத் துணி இருக்கும் என்று நினைத்து அம்மா அதைத் துவைக்கிற கல்லில் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பிளாஸ்டிக் கட்டைகள் சரிந்து முற்றமெங்கும் ஓடின. ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும் கட்டைகள்.

"இதையா அங்கேர்ந்து சுமந்துண்டு வந்தே?" என்று அம்மா கேட்டாள்.

"அவ விடமாட்டேன்னுட்டா, மன்னி. பாலைவனத்துல பஸ்ஸுல வந்த அத்தனை நாளும் மடியை விட்டு இறக்கலை" என்றாள் அத்தை.

அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், வரவில்லை. அவருடைய கம்பெனியில் வேலை செய்த முப்பது பேருடைய பாஸ்போர்ட்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி இவர்களை ஏற்றிவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் ஜூலையில் அப்பாவுக்கு எழுதிய நீல நிறத் தபால் ஒன்று கூடத்துக் கடிகாரத்தின் பின்னால் செருகியிருந்தது. அத்தை அதை எடுத்துப் படித்து, திரும்பச் செருகி, மறுபடி எடுப்பாள்.

அத்தை மகளுக்கு ஒன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். ஆனால் கப்பல் கட்டுவாள். அப்படி ஒரு கப்பலை நானும் அண்ணாவும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு முழ நீளம், ஈர்க்குச்சியில் மூன்று பாய்மரம், அத்திம்பேருடைய கைக்குட்டையை வெட்டிப் பாய்கள். எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தை அண்ணா நாங்கள் விளையாடும் மேல்மச்சுக்குக் கொண்டு வந்தான். மிளகுக்காகக் கப்பலேறி வந்தவர்கள், அவர்கள் கட்டிய கோட்டைகள், பண்டகசாலைகள் எல்லாம் அதில் படமாகவே இருந்தன. டச்சுக்காரர்களைக் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை தோற்கடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனாலும் விளையாட்டில் டச்சுக்காரனாக இருக்கத்தான் சண்டை.

அண்ணா கப்பல் தலைவன் ஆனான். நான் கோட்டையின் கவர்னர். அத்தை மகளுக்கு மிச்சமிருந்தது தீவு ராஜா வேஷம்தான். எங்களுக்கு மிளகு தருவதும், எங்கள் கோட்டைக்குச் சுவர் எழுப்புவதும் ராஜாவின் கடமைகள். மிளகு சமையலறையிலிருந்து வந்தது. சட்டங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அண்ணா மலையாளத்தில் எழுதினான், அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும். கட்டைகள் எல்லாம் அவளுடையவை. சட்டங்கள் எங்களுடையவை. இதில் யாருக்கும் எந்த முரணும் தென்படவில்லை.

ஐந்தாவது சட்டம் மட்டும் அவள் சொன்னது. நாடு கடத்தப்பட்டவர், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், தட்டினாலும், பதில் பேசக் கூடாது. கப்பல் வந்து, கடிதம் கைக்குக் கிடைத்த பிறகுதான் இரண்டு முறை தட்டலாம்.

"தெரிஞ்சவா கூப்பிட்டா?" என்று அண்ணா கேட்டான்.

"தெரிஞ்சவா கூப்பிட்டாலும்தான்" என்றாள்.

"கொள்ளாமே இவ" என்று அண்ணா மெச்சிக்கொண்டு எழுதி வைத்தான். நல்ல சட்டம் என்று எனக்கும் பட்டது.

நவராத்திரி வந்தது. அஷ்டமி அன்று சாயங்காலம் எங்கள் பாடப் புத்தகங்களை எல்லாம் பூஜைக்கு வைத்தார்கள். விஜயதசமி காலை எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. அதைவிடப் பெரிய விடுமுறை எங்களுக்கு இல்லை. அம்மா வீட்டில் கண்ணில் பட்ட காகிதம், பேனா, பென்சில் அத்தனையையும் வாரிக்கொண்டு போய் அடுக்கினாள். எங்கள் சட்டப் புத்தகமும் அதோடு சேர்ந்து போய், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சரஸ்வதி படத்தின் முன்னால் உட்கார்ந்தது.

நவமி அன்று காலை மச்சுக்குப் போனால் கோட்டையின் தெற்குச் சுவரைக் காணவில்லை. ராஜா அதைப் பிரித்துத் தன் கப்பலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கோட்டையை ஏண்டி உடைச்சே?" என்றேன்.

"கப்பல்ல இடம் போறலை. இன்னும் ஆள் ஏறணும்" என்றாள்.

"எந்த ஆள்?"

அவள் இன்னொரு கட்டையை எடுத்துக் கப்பலில் வைத்து அழுத்தினாள். கவர்னருக்கு இது ராஜத்துரோகமாகத் தெரிந்தது. விசாரணை நடத்தினேன். நாடு கடத்தல் என்று தீர்ப்பும் சொன்னேன். தீவு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. மச்சின் கோடியில் பத்தாயம் இருந்தது. முன்பு நெல் கொட்டி வைத்த மரப்பெட்டி. என் தோள் உயரம் இருக்கும். ரேஷன் அரிசிக் காலத்தில் அது வெறுமனே கிடந்தது. அதன் மூடியைத் தூக்க அண்ணாவும் நானும் சேர்ந்தால்தான் முடியும். அவள் மறுப்பேதும் சொல்லாமல், கப்பலையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். மூடியை இறக்கினோம்.

கொஞ்ச நேரத்தில் அவளை மன்னித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். நவமி அன்று எழுதக் கூடாது.

"நாளைக்குக் காலம்பற புத்தகம் எடுத்தப்பறம் எழுதினாப் போறும்" என்றான் அண்ணா.

"அதுவரைக்கும் உள்ளேயேவா இருப்பா?"

"பின்ன? சட்டம்னா சட்டமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் கிரிக்கெட் விளையாடக் கிள்ளியாற்றுப் பக்கம் போய்விட்டான்.

ஏற்கெனவே எழுதிய காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க நான் கீழே இறங்கினேன். பாதிப் படியில் இருக்கும்போது வக்கீல் மாமி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். தெருவில் அவர்கள் வீட்டில்தான் டெலிபோன்.

"சீக்கிரம் வாங்கோ, ஜோர்டான்லேர்ந்து டிரங்க் கால். உங்காத்து மாப்பிள்ளையாக்கும்."

அத்தை செருப்புக் கூடப் போடாமல் ஓடினாள். பின்னால் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் நான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் லைன் அறுந்திருந்தது. மறுபடி கூப்பிடுவார் என்று எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தோம். மாமி சுண்டல் கொடுத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"குழந்தை எங்கே? அவளையும் கூட்டிண்டு வா" என்றாள் அத்தை.

"வரா" என்றேன். எழுந்து போக மனமில்லை. டிரங்க் கால் பேசுவதை நான் பார்த்ததே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மணி அடித்தது. அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி, சரி" என்று மட்டும் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அத்தை எங்கள் பக்கம் திரும்பி, "குழந்தையோட பேசணுங்கறார்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

மச்சில் சத்தமே இல்லை. பத்தாயத்தைத் தட்டினேன். "வாடி, உங்கப்பா போன்ல இருக்கார்" என்று கத்தினேன். பதில் இல்லை. மூடியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. அண்ணா திரும்பி வந்து யாரையாவது துணைக்குச் சேர்த்துத் திறந்துவிட்டிருப்பான், இருவரும் ஆற்றுப் பக்கம் போயிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போய் அதையே சொன்னேன். அதற்குள் லைன் மறுபடி அறுந்துவிட்டது.

அத்தைக்கு முகம் மாறியது. வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். மச்சுக்கும் ஏறினாள். பத்தாயத்துக்கு நாலடி தூரத்தில் நின்று மகளின் பெயரை மூன்று முறை சொன்னாள். பிறகு இறங்கிவிட்டாள். அப்பா ஆற்றங்கரைக்குப் போனார். வக்கீல் மாமா குளத்துப் பக்கம் போனார். தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணா மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாக வந்தான்.

"அவ உன்னோட இல்லியா?"

"என்னோடயா? இல்லியே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மச்சுக்கு ஓடினோம். அண்ணா பத்தாயத்தைப் பலமாகத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை. மூடியில் கை வைத்தவன் கையை எடுத்துக்கொண்டான். "நீ முதல்ல பிடி" என்றான். எனக்கும் கை வரவில்லை. திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று இருவருக்கும் ஒரே பயம். ஓடிப் போய் அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அப்பாவும் அதைத் திறந்துதானே பார்ப்பார்?

கடிதம் வந்தால் அவள் உயிரோடு இருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கீழே ஓடினேன். வீட்டில் பூஜைக்குப் போகாமல் தப்பிய எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து அந்த நீலத் தபாலை எடுத்தேன். மூடிக்குக் கீழே எலி கொறித்த இடைவெளி ஒன்று இருந்தது. அதன் வழியே உள்ளே தள்ளினேன்.

"கப்பல் வந்தாச்சு" என்றேன்.

காகிதம் மறுபக்கத்திலிருந்து இழுபட்டது. பிறகு இரண்டு தட்டல்கள் கேட்டன.

மூடியை எப்படித் தூக்கினோம் என்று நினைவில்லை. வியர்வையில் அவள் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. ஒரு கையில் கப்பல், மறு கையில் தபால். அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எங்கள் இருவரையும் தாண்டி, மாடிப்படியைப் பார்த்தாள்.

"யார் கொண்டு வந்தா?" என்றாள்.

"கப்பல்" என்றேன்.

அவள் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அண்ணாவுக்கும் எனக்கும் அப்பாவின் கையால் சமமாகக் கிடைத்தது. பத்தாயத்துக்குப் பூட்டு வந்தது. அத்தை மட்டும் எங்களைத் திட்டவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கூப்பிட்டேனே, என் குரல் கேக்கலையா?" என்று கேட்டாள். "கேட்டுது" என்றாள் அவள். அத்தை அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அத்திம்பேர் விமானத்தில் வந்து இறங்கினார். முப்பது பாஸ்போர்ட்டுகளையும் உரியவர்களிடம் சேர்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

என் மகள் பிறந்தபோது குழந்தையைப் பார்க்க வந்த அத்தை, பேச்சுவாக்கில்தான் சொன்னாள். குவைத்தில் அந்த ஒரு மாதம், தெருவில் ராணுவ வண்டிச் சத்தம் கேட்டால் அத்திம்பேர் மகளைச் சுவர் அலமாரிக்குள் உட்கார வைத்து மூடுவாராம். யார் பெயர் சொன்னாலும் பேசாதே, அம்மா கூப்பிட்டாலும் பேசாதே, அம்மாவைக் கூப்பிட வைப்பார்கள், நான் வந்து சொன்னால் மட்டும் தட்டு என்பாராம். சொல்லிவிட்டு அத்தை குழந்தையின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மச்சில் நின்றபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. மன்னிப்புக் கிடைத்த கைதி கவர்னருக்கு ஒரு நன்றி கூடச் சொல்லாமல் படியைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. நாளைக் காலையில் பூஜையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும், அதற்கும் ஒரு சட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.