எழுத்துப்படி குருடு

ஊஸ்கென் நகரத்தில் எங்கள் தெரு ஹோசியத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பயம் அதைவிடக் கிடையாது. குர்ஆன் முழுக்க மனப்பாடம். சாவு விழுந்த வீடுகளில் பெண்கள் கூடினால், அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பெண்ணான ஒத்தினாயி அவள்தான். நான் கிளாஃபிரா, அவளுக்குக் கிளாஷா; அடுத்த வீட்டுக்காரி, பாப்டிஸ்ட் சபை.

இரண்டு வசந்தங்களுக்கு முன் நுரிஸ்லாம் என்ற இளம் இமாம் வந்து சேர்ந்தார். இம்மையில் குருடாக இருப்பவன் மறுமையிலும் குருடன், வழிகெட்டவன் என்ற குர்ஆன் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். குருடி ஓதினால் இறந்தவருக்குக் கேடு என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லியும்விட்டார். அவளை யாரும் கூப்பிடவில்லை. நான் நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"எங்க வேதத்துலயும் இருக்குடி, கண்ணு பாவம் செய்ய வச்சா பிடுங்கிப் போடுன்னு," என்றேன். "அதை அப்படியே எடுத்திருந்தா எங்க சபையில ஒரு ஆம்பளைக்கும் கண்ணு மிஞ்சியிருக்காது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க குர்ஆன்ல அது மனக்குருட்டைச் சொல்ற வசனம், கிளாஷா. அந்தப் பையனுக்கு எங்க புரியப் போகுது!"

எதிர்வீட்டு ஸெபுனிசா, இறந்துபோன தன் கணவனுக்கு முதல் வருட ஓதல் வைத்தாள். 'வராதீங்க ஆயி, பயமா இருக்கு' என்று சொல்லியனுப்பினாள். ஹோசியத் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள்.

"கையைக் குடு, போலாம்."

"கூப்பிடாத வீட்டுக்கா?"

"இறந்தவர் வராதேன்னு சொல்லலையே."

பெண்கள் அறையில் ரொட்டியும் தேநீரும் பரப்பிய விரிப்பின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் ஆண்களோடு இருந்த இமாமுக்குச் செய்தி போயிற்று. பெண்கள் அறைக்குள் ஆண் நுழையக் கூடாது. அதனால் வாசலுக்கு வெளியே நின்று அதட்டினார்.

"எழுந்திரிங்க ஆயி! குருடர் விஷயத்துல வசனம் தெளிவா இருக்கு."

"எழுந்திரிக்க மாட்டேன். பொம்பளைங்களுக்கு ஓதுறது என் வேலை. என் கண்ணை அல்லாஹ் பாத்துக்குவான், நீ உன் வேலையைப் பாரு."

ஸெபுனிசா வாசல் பக்கம் திரும்பினாள். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இமாம், எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி ரெண்டு வருஷம் சக்கரை நோயால பார்வையே இல்ல. அடக்கத்துக்கு ஜனாஸா தொழுகை நீங்கதான் நடத்தினீங்க. அப்ப அவரு?"

இமாம் மெதுவாக, "அது... அது வேறம்மா" என்றார்.

"என்ன வேற?" ஹோசியத் சீறினாள். "எனக்கு எழுத்துப்படி, அவருக்கு அர்த்தப்படியா?"

ஸெபுனிசா எழுந்து போய், இமாமின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஓதுங்க ஆயி. சத்தமா ஓதுங்க."