குழுவைக் கலைத்த எழுத்தர்

பள்ளியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆசிரியைகளுக்கு அவர் 'மினிட்ஸ் அக்கா'. நிர்வாகக் குழுத் தலைவருக்கு வெறும் 'ஏம்மா'. அவர் நாத்தனாருக்கு மட்டும் 'டீ கொண்டு போய் வைக்கிற கிளார்க்கு'. அந்தக் கடைசிப் பெயர்தான் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் பள்ளியின் எழுத்தர் அல்ல, நிர்வாகக் குழுவின் எழுத்தர். பள்ளி அலுவலகத்தில் கட்டணம் வாங்குபவர்கள் வேறு. மாடியில், ஆய்வகத்துக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு போட்டு அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கூட்டத்துக்கு நாள் குறிப்பது, உறுப்பினர்களுக்கு அறிவிப்பு அனுப்புவது, பேசியதை 'மினிட்ஸ்' எனும் கூட்டக் குறிப்பாக எழுதுவது, எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. இதுதான் வேலை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தலைவர், "அந்த ஆளை வாயை மூடச் சொல்லுங்கய்யா" என்று கத்துவார். குறிப்பில் 'உறுப்பினர்கள் சுருக்கமாகப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார்' என்று வரும். படித்துக் காட்டும்போது, தாம் இவ்வளவு கண்ணியமாகவா பேசினோம் என்று எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.

அந்த வருடம் மூன்று பள்ளிகளை ஒரே அறக்கட்டளையின்கீழ் கொண்டுவர முடிவானது. பள்ளிக்கு ஒரு குழு என்பது போய், மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாரியம். அதற்கு முதலில் இந்தக் குழு தன்னைத் தானே கலைத்துக்கொள்ள வேண்டும். விதிப்படி எல்லா உறுப்பினர்களும் கை தூக்கினால்தான் குழு கலையும். ஒரு கை தூக்கப்படாவிட்டாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

அந்த ஒரு கை அளவுகோலுடையது. ஓய்வுபெற்ற நில அளவையாளர், அதனால் அந்தப் பட்டப்பெயர். "வாரியம் எங்கேயோ உட்காரும். இங்கே கூரை ஒழுகினா யாருக்குப் போன் பண்றது? மழை நின்னப்புறம் ஆள் அனுப்புவான்" என்பார். அவரை மசிய வைக்க முடியவில்லை.

தலைவர் ஒரு நாள் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, புது வாரியத்துக்குச் செயலர்னு ஒருத்தர் வேணும். மூணு பள்ளிக்கும் சேர்த்து. தனி அறை, ஏசி. வேற யாரை நான் சொல்லப்போறேன்?"

"சார், நானா?"

"அளவுகோல் மட்டும் ஒத்துழைக்கலைன்னா வாரியமும் இல்ல, செயலரும் இல்ல. விதியெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. யோசி."

வீட்டில் இதைச் சொன்னபோது தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கணவர் கேட்டார்: "செயலர் அம்மா, டீக்குச் சர்க்கரை போடத் தீர்மானம் நிறைவேறிடுச்சா, இல்ல அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சாச்சா?"

"சிரிங்க, சிரிங்க. உங்க தங்கச்சிக்கு முதல்ல போன் போட்டுச் சொல்லுங்க."

"வேலை கைக்கு வரட்டும்டீ."

"வந்த மாதிரிதான்."

அவரே நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னார். எதிர்முனையில் 'அப்படியா அண்ணி' என்ற குரல் இறங்கி வந்தது. அந்த இறக்கம் அவருக்குத் தேன் மாதிரி இனித்தது.

அளவுகோலுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. அதனால் கூட்டங்கள் எப்போதும் வியாழக்கிழமைகளில்தான் நடந்தன. விடுப்பு இல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் உறுப்பினர் பதவி தானாகவே போய்விடும் என்பது விதி. விடுப்பை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் எழுதும் வழக்கம் யாருக்கும் இல்லை. போன் செய்து "இன்னிக்கு முடியலைம்மா" என்பார்கள். இவர் "சரி சார்" என்பார். குறிப்பில் 'விடுப்பு வழங்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்.

அடுத்த கூட்டத்தை அவர் செவ்வாய்க்கிழமைக்கு வைத்தார்.

அளவுகோல் போன் செய்தார். "என்னம்மா, செவ்வாயில வெச்சிருக்கே? எனக்கு மெஷின் நாளாச்சே."

"தலைவருக்கு வேற நாள் ஒத்து வரலையாம் சார்."

"சரி, எனக்கு லீவு போட்டுடு."

"சரி சார்."

மினிட்ஸ் அக்கா குறிப்பில் விடுப்பு எழுதவில்லை. அடுத்த கூட்டமும் செவ்வாய். அதற்கடுத்தது வெள்ளி. மூன்று முறையும் போன் வந்தது, மூன்று முறையும் 'சரி சார்'. மூன்றாவது போனில் அளவுகோல், "உனக்குத்தான்மா தொந்தரவு" என்று வேறு சொன்னார்.

குழுவைக் கலைக்கும் கூட்டம் வியாழக்கிழமைக்கு வைக்கப்பட்டது. இனி எந்தக் கிழமையாக இருந்தால் என்ன? தகவல் கேள்விப்பட்ட அளவுகோல், பழையபடி வியாழன் வந்துவிட்டதே என்று கிளம்பி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி மாடி ஏறினார். இடது கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. கூட்ட அறை வாசலில் மினிட்ஸ் அக்கா நின்றார்.

"சார், நீங்க இப்போ உறுப்பினர் இல்லை."

அளவுகோல் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தார்.

"நான் போன்ல சொன்னேனேம்மா."

"எழுத்துல வரலை சார்."

"எழுத்துல எப்போ வந்திருக்கு? நீதானே எழுதிக்குவே?"

உள்ளேயிருந்து தலைவரின் குரல்: "ஏம்மா, கதவைச் சாத்து. ஏசி வீணாப் போகுது."

அவர் கதவைச் சாத்தினார்.

தீர்மானம் எடுத்த எடுப்பில் நிறைவேறியது. எல்லாக் கைகளும் மேலே. குழு கலைந்தது. பொறுப்புகளை வாரியத்துக்கு மாற்றும் வேலை மட்டும் மிச்சம். ஆசிரியர்கள், காவலாளி, பேருந்து ஓட்டுநர் என ஒவ்வொரு பதவியும் பெயர் சொல்லி வாரியத்துக்குப் போனது. பிறகு தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொன்னார்:

"அடுத்தது குழு எழுத்தர் பதவி. சம்பந்தப்பட்டவர் அறையில இருக்கக் கூடாது. கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?"

செயலர் நியமனத்துக்கும் இதுதான் முறை. மினிட்ஸ் அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வந்து சேர்ந்ததும்தான் தெரிந்தது, நடைக்கூடத்து பெஞ்சில் அளவுகோல் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்டோ வரவில்லை. பெஞ்சு ஒன்றுதான். இவர் சுவரோரமாக நின்றார்.

"என்ன, உன்னையும் வெளியே அனுப்பிட்டாங்களா?"

"என் விஷயம் பேசுறாங்க சார்."

"உன் விஷயமா?" அவர் வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நீ குழுவோட ஆளு. குழுவே இல்லைன்னு ஆனப்புறம் நீ யாரோட ஆளு? இதை உள்ளே கேக்கணும்னுதான் வந்தேன்."

"செயலர் வேலை எனக்குத்தான். தலைவர் சொல்லிட்டார்."

"எழுத்துல சொன்னாரா?"

உள்ளே யாரோ ஏதோ சொல்ல, ஒரு கூட்டச் சிரிப்பு எழுந்தது. இவர் கதவைப் பார்த்தார். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. அளவுகோல் எழ முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். தாங்கிப் பிடிக்க இவர் கை நீட்டினார்.

"தொடாதே" என்றார் அவர், சத்தமில்லாமல். சுவரைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

கதவு திறந்தது. "வாங்க" என்றார் தலைமையாசிரியை. இவருடைய நோட்டில் அவர் கையெழுத்தில் நான்கு வரிகள் கோணல்மாணலாக இருந்தன. குழு கலைந்தபடியால் எழுத்தர் பதவியும் முடிவுக்கு வருகிறது. வாரியத்தின் செயலர் பணியைத் தலைவரின் மருமகன் நடத்தும் நிறுவனம் கவனிக்கும்.

"சார்..." என்றார் இவர்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேம்மா" என்றார் தலைவர், தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்தபடி. "கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களாம். உனக்கும் வயசாகுது. வீட்டுல நிம்மதியா இரு."

"நீங்கதானே சார் சொன்னீங்க..."

"நான் சொன்னேன்னு குறிப்புல இருக்கா?" யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மேடம் எழுதினது படிக்கிற மாதிரி இல்ல. நீயே உக்காந்து அழகா எழுதிப் படிச்சுக் காட்டு. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பணும்."

அவர் உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் போன் அதிர்ந்தது. திரையில் நாத்தனார் எண். எடுக்கவில்லை. எழுதினார். 'முடிவுக்கு வருகிறது' என்பதை 'நிறைவு பெறுகிறது' என்று மாற்றினார். மருமகன் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தகுதி வாய்ந்த நிறுவனம்' என்று போட்டார். கடைசியில், எழுத்தரின் நீண்டகாலப் பணிக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது என்று ஒரு வரி சேர்த்தார்.

எழுந்து நின்று படித்தார். குரல் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"நன்றி எல்லாம் நாங்க பேசவே இல்லையே" என்றார் தலைமையாசிரியை. "பேசாததை எழுதக் கூடாது. நீங்களே சொல்லுவீங்க."

அவர் அந்த வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, நோட்டைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.