எந்த லூசு

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்த பாஸ்கல், எதையும் ஒற்றைச் சொல்லில்தான் சொல்வார். பஞ்சர். காத்து. லூசு. அந்தச் சிக்கனத்தால் 1998-இல் அவருக்கு இரண்டு பற்கள் போயின.

கொடைக்கானலுக்குக் கிளம்பிய வேனுக்குக் காற்றடித்தவர், பின்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். நிமிர்ந்து டிரைவர் செல்லமுத்துவின் முகத்தைப் பார்த்து, "லூசு" என்றார். நட்டு லூசா இருக்கு என்று முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வேனுக்குள் செல்லமுத்துவின் மாமனார் வீடே உட்கார்ந்திருந்தது.

"ஆரைடா லூசுங்கற?"

கேட்டுக்கொண்டே ஒட்டன்சத்திரத்துக்காரனான செல்லமுத்து அவர் வாயில் குத்தினான். விழுந்தவரை விலாவில் மிதித்தான்.

பாஸ்கல் இரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தார். ஸ்பேனரை எடுத்து, கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த செல்லமுத்துவுக்கு மலைப்பாதை நினைவுக்கு வந்து வேர்த்தது.

"ஏனுங்கண்ணா, சக்கரத்தையா சொன்னீங்க?" என்று குனிந்தான்.

முடுக்கி முடித்த அதே ஸ்பேனர் அவன் தாடையில் இறங்கியது.

"அப்பச் சொன்னது சக்கரத்த," என்றார் பாஸ்கல். "இப்பச் சொல்றதுதான் உன்னைய. லூசு."