வெள்ளிக்கிழமை மெயில்

அபுதாபி ஆபீசில் நான் டிராயிங் சரிபார்க்கிறவன். படம் வரைகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். அதைப் பார்த்துத் தகரம் வெட்டி ஏசி காற்று போகும் டக்ட் செய்கிறவர்கள் ஊருக்கு வெளியே முசஃபா ஒர்க்‌ஷாப்பில். எங்களைச் சேர்த்துக் கட்டியது மிஸ்டு கால்தான். படத்தில் ஏதாவது மாறினால் ஃபோர்மேனுக்கு ஒன்று கொடுப்பேன். அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, சத்தம் இல்லாத இடத்துக்கு வந்து என்னைக் கூப்பிடுவார். யாரும் எழுதி வைத்த முறை இல்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

புதிதாக வந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. டீம் ஒர்க் என்றால் எல்லாம் மெயிலில் வர வேண்டும் என்றார். ஒர்க்‌ஷாப்புக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தூசி படக்கூடாது என்று அதை ஸ்டோர்கீப்பரின் கேபினில் வைத்துப் பூட்டினார்கள். வேலை நேரத்தில் மொபைலை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்றும் உத்தரவு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம்.

ஃபோர்மேன் புதுக்கோட்டைப் பக்கம். அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு தள்ளிக்கொண்டே போனது. "இந்த டக்ட் சைட்டுக்குப் போகட்டும், கலாஸ், அதோடு முடிந்தது, நீ ஊருக்குப் போ" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, சென்னைக்கு டூட்டி, ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று ஆபீசுக்குப் போனேன். சென்னையிலிருந்து மெயில் வந்து கிடந்தது: பீம் இடிக்கிறது, டக்ட் உயரத்தைக் குறைத்திருக்கிறோம். ஒர்க்‌ஷாப்புக்கும் அதே மெயில். ஃபோர்மேனைக் கூப்பிட்டேன், லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டோர்கீப்பர் உடனே எடுத்தார். கேபின் சாவியோடு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் அல் ஐனில் மச்சான் வீட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு, படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் வெட்டி மடித்து அடுக்கியிருந்தார்கள். ஃபோர்மேன் புதுப் படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. தகர அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்ல வரேன்னு சொல்லிட்டேனே சார்" என்றார்.

தகரம் வெட்டும் பெஷாவர்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். "பாய், தும் ஜாவோ" என்றார். நீ ஊருக்குப் போ, இதை நாங்கள் முடிக்கிறோம் என்று அர்த்தம். அவரே ஊருக்குப் போய் வெகு காலமாகியிருந்தது. மடித்ததைப் பிரித்து, குறைத்து வெட்டி, மறுபடி மடித்தார்கள். எனக்குத் தகரத்தின் ஓரத்தைப் பிடிக்கத்தான் தெரியும், பிடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் லாரி ஏறியது.

மறுநாள் மேனேஜர் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். வேலை சொன்ன தேதியில் முடிந்தது, புது முறை நன்றாகப் பலன் தருகிறது என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே ஃபோர்மேன் ஊரிலிருந்து பேசினார்.

"பய எப்படி இருக்கான் அண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கான் சார். வாங்கிட்டுப் போனதெல்லாம் எடுத்துக்கிட்டான்" என்று சிரித்தார். "ராத்திரி அவங்க அம்மாகிட்ட கேக்குறான், இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாருன்னு."