கண்ணாடிக்கார அம்மணி

திங்கட்கிழமை காலை, நல்லூரில் மரியபுஷ்பத்தின் கார்க் கண்ணாடிக் கடை முன்னால் காரை நிறுத்தினேன். ஷட்டர் பாதி ஏறி நின்றிருந்தது. உள்ளே இருப்பார் என்று ஆரன் அடித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்து, "அடிக்காதீங்க பெரியவரே. அம்மா போயிட்டாங்க" என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எப்ப வருவாங்க?" என்று வேறு கேட்டேன்.

அன்று காலை கடை திறக்க ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டாராம். டம்ளரோடு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஐம்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு ஆகியிருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை அவர் கை என் காரின் இடது பின்கதவுக்குள் முழங்கை வரை இருந்தது. பாதியில் நின்றுபோன கண்ணாடியை உள்ளே இருந்தபடியே மேலே தள்ளி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். கதவின் உள்பலகையில் கழற்றிய திருகாணிகளைப் பனியன் துணியில் முடிந்து என் கையில் கொடுத்து, "திங்கக்கெழமை ரப்பர் வந்துரும். இதத் தொலச்சிராதீய அண்ணாச்சி" என்றார். அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடை வாசலில் நின்றேன்.

அவரிடம் கார் விட்ட உங்களுக்கெல்லாம் அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அதற்கு முன்னால் நாங்கள் பழகின கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் நாற்பது வருசமாக டிரைவர். அதுவரை ஓட்டியதெல்லாம் கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றும் வண்டிகள். ஐந்தாறு வருசம் முன்பு முதலாளி ஒரு பழைய கார் வாங்கினார். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி ஏறும். ஆனால் ஆமையாட்டம் ஏறும். தையல் செக்‌ஷனில் இருந்து மெஷின் ஆயிலை எடுத்து வந்து ரப்பர் சந்தில் விட்டேன். இரண்டு நாள் ஊத்துக்குளி வெண்ணெயாட்டம் வழுக்கியது. மூன்றாம் நாள் அப்படியே பிடித்துக்கொண்டது.

மரியபுஷ்பத்திடம் கொண்டுபோனேன். அவர் ரப்பரில் விரலை வைத்து மோந்து பார்த்தார். "என்னத்த ஊத்துனீய?" என்றார். ஒன்றுமில்லையே என்றேன். சந்துக்குள் ஒரு குச்சியை விட்டு, எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திரி மாதிரி உருவி எடுத்துக் காட்டினார். "இந்த ஊர்ல காருக் கண்ணாடிக்கும் பனியன் மாட்டி விட்டுருக்கீய" என்றார். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும், பறக்கிற பஞ்செல்லாம் அதில் ஒட்டும் என்று விளக்கினார். ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, பிசுக்கில்லாத ஸ்ப்ரே ஒன்றை அடித்தார். கண்ணாடி நிமிர்ந்து ஏறியது. மோட்டாரை மாற்றச் சொல்லி வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது இதுதான்: "மோட்டார் பாவம், அது இழுக்கத்தான் செய்யுது. புடிச்சு வச்சிருக்கது வேற எதுவோ."

அவர் நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர். கடை அவர் கணவருடையது. அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு இவர் தொழிலைக் கையில் எடுத்தார். ஆண்கள் கை நுழையாத இடத்தில் இவர் கை நுழையும். புதிதாக வருகிறவர்கள், "ஏனுங்க, மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். "இருக்காரு, பொறுங்க" என்று உள்ளே போவார். கையைத் துடைத்துக்கொண்டு அவரே வெளியே வந்து, "வந்துட்டாரு, சொல்லுங்க" என்பார்.

இனி அந்த விசயம். ஒருநாள் பனியன் ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பின்சீட்டில் வைத்து ஓட்டினேன். ஏசி வேலை செய்யவில்லை. என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறங்கியது. மற்ற மூன்றும் அசையவில்லை. அந்த மனிதர் வெந்து போனார். அவரை இறக்கிவிட்ட பிறகு முதலாளி, "உங்களுக்கும் வயசாயிருச்சுங்க. ஊட்ல இருந்துக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னார். கடைசியாக மரியபுஷ்பத்திடம் காட்டிவிடலாம் என்று கெஞ்சி அவரையும் கூட்டிப்போனேன்.

அந்த அம்மணி பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் டிரைவர் கதவில் இருந்த சுவிட்ச் கட்டையைக் கழற்றி ஊதினார், மறுபடி மாட்டினார். மூன்று கண்ணாடியும் இறங்கின. "தூசிதான் சார். டிரைவர் மேல தப்பில்ல" என்றார். முதலாளி போன் பேசத் தள்ளிப் போனதும் என்னிடம் குனிந்து, "இந்தப் பொத்தான அமுக்கினா மத்த கதவுக் கண்ணாடியெல்லாம் பூட்டிக்கிடும். வண்டியத் தொடைக்கையில அமுங்கியிருக்கும். எழுதியிருக்கத பாக்கலியா அண்ணாச்சி?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்ச் சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டு வந்து, அந்தப் பொத்தான் மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். "எழுத்து அழிஞ்சு போச்சுல்லா, அதான் அடையாளம்" என்றார். எழுத்து அழியவில்லை. வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

அடக்கத்துக்கு முதலாளியோடு போயிருந்தேன். மாதா கோயில் வாசலில் மரியபுஷ்பத்தின் மகள் ஒரு நோட்டை நீட்டி, அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னாள். காகிதம் எதையாவது யார் நீட்டினாலும், மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்வது என் வழக்கம். நாற்பது வருசம் அதைச் சொல்லியே ஓட்டிவிட்டேன். அன்றைக்கும் வாய் வரை வந்தது. அந்த அம்மணி பெட்டிக்குள் படுத்திருக்கும்போது சொல்ல முடியவில்லை.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது கண்ணு" என்றேன். முதலாளி பின்னாலேயே நின்றார். அவர் காதில் விழுந்தது. என் தோளில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க தாத்தா, நான் எழுதுதேன்" என்றாள் அந்தப் பெண். சில நாள் கழித்து உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியது அவள்தான். சிவப்புப் பொட்டு வந்த இடத்தில் பேனா நின்றது. "அது என் நெயில் பாலிஷ்" என்றாள். "யாரு எடுத்ததுன்னு அம்மாட்ட எவ்வளவு சண்ட போட்டேன். எதுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

என்னிடம் இருப்பது அந்தப் பொட்டும் இந்தத் திருகாணி முடிச்சும். இடது பின்கதவின் உள்பலகை இன்னும் கழன்றேதான் கிடக்கிறது. இன்று காலை அவர் கடையைத் தாண்டும்போது கை தானாக ஆரனுக்குப் போனது. அடிக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.